வலது அடிவயிற்றில் செல்வியின் சிறுநீரகம்

முதலில் வீங்கியது கால்தான். மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் குப்பை வண்டி ஓட்டுகிறவன் நான். உட்கார்ந்தே இருப்பதால் வீங்குகிறது என்று நினைத்துவிட்டேன். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார்கள். ஒன்றரை வருடம் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது). பிறகு என் மனைவி செல்வி தன் இடது சிறுநீரகத்தைத் தந்தாள்.

சிறுநீரகங்கள் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கும் என்று பள்ளியில் படித்தது. அறுவை முடிந்து விழித்ததும் முதுகைத் தடவினேன். தையல் இல்லை. அது முன்னால், வலது அடிவயிற்றில் இருந்தது. ஒன்றும் புரியவில்லை.

"பழையது ரெண்டும் அவிடெத்தன்னெ உண்டு" என்று டாக்டரம்மா மலையாளத்தில் சிரித்தார். பழைய இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றனவாம்; சுருங்கியதைப் பெரும்பாலும் எடுப்பதில்லையாம். புதியதை இடுப்புக் குழியில் வைத்து, காலுக்குப் போகும் இரத்தக்குழாய்களோடு தைத்து, அதன் சிறுநீர்க் குழாயைப் பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையில் சேர்த்துவிடுவார்களாம். ஆக எனக்கு மூன்று, செல்விக்கு ஒன்று. எந்த ஊர் நியாயம் இது?

வீட்டுக்கு வந்தும் புத்தி மாறவில்லை. முதுகைத்தான் பொத்திப் பொத்தி வைத்தேன். எங்கள் வண்டிக்காரர்கள் எல்லோரும் லுங்கியின் மேல் தோர்த்தை (மெல்லிய துண்டு) இறுக்கி, வலப்பக்கம் முடிச்சுப் போடுவோம். தையல் ஆறியதும் நானும் பழையபடி கட்டிக்கொண்டேன். ஆறாம் வாரம் சிறுநீர் குறைந்தது. செல்வி அளவுக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கொடுத்ததைப் பாழாக்கிவிட்டேனோ என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா முடிச்சின் தடத்தைப் பார்த்தார். அதனால்தான் என்று சொல்ல முடியாது, புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கத் தரும் மருந்தும் இரத்தத்தில் கூடியிருக்கிறது என்றார். மருந்தைக் குறைத்தார், அங்கே இனி எதையும் இறுக்கக் கூடாது என்றார். நான்கு நாளில் சிறுநீர் சரியானது. எது காரணம் என்று இன்றும் தெரியாது. உங்களுக்குக் குறைந்தால் என்னைப்போல் யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன வாரம் எனக்கு ஐம்பது முடிந்தது. "அதுக்கு நாப்பத்திரண்டுதான்" என்றாள் செல்வி, என் அடிவயிற்றைக் காட்டி; அது அவள் வயது. என் வயது எது என்று நாள் முழுக்கக் குழம்பினேன்.

மறுநாள் பரிசோதனைக்குப் போனபோது, இது எத்தனை வருடம் தாங்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்க வாயெடுத்தேன். செல்வி என் கையைப் பிடித்தாள்.

"கேக்க வேண்டாம். எனக்குள்ள பாக்கி இருக்கற ஒண்ணு எத்தன நாள் ஓடும்னு நான் கேட்டேனா?"