துப்பத் தெரிந்தவரும் நானும் ஒரு போத்தல் வைனும்

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் மேல் சத்தியம், இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் இரண்டு கண்ணும் அவிந்து போகட்டும். ஒன்று கண்புரையால் ஏற்கனவே பாதி அவிந்ததுதான். இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே சத்தியம் பண்ணுகிறேன். பொய் சொல்ல நினைத்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன் என்பது கண்டியில் மஹியாவைப் பக்கம் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

வைன் குடிப்பது ஒரு தொழில். சம்பளம் கிடையாது, கூட வேலை செய்ய ஆளும் கிடையாது. நான் மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன். கண்டிக்காரர்கள் எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறார்கள் என்று காலமெல்லாம் எட்டிப் பார்த்து எழுதினேன். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு மெல்பனிலிருந்து வந்த மகள், ஒரு கிளாஸில் சிவப்பாக எதையோ ஊற்றி, "சும்மா ருசி பாருங்க அப்பா" என்றாள். அவள் திரும்பிப் போய்விட்டாள். ருசி போகவில்லை.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு கஷ்டம்தான். சாராயத்தை மூடி வைத்தால் வருஷக்கணக்கில் கிடக்கும். வைன் அப்படியில்லை, தக்கையை எடுத்தால் இரண்டொரு நாளில் புளித்து வினாகிரியாகிவிடும். டாக்டர் எனக்கு விட்டுவைத்திருப்பதோ நாளைக்கு ஒரு கிளாஸ். ஆகவே ஒரு போத்தலைத் திறப்பதென்றால் எதிர்க் கதிரையில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடி நான் பட்ட பாடுதான் இது. திறந்த போத்தலோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

பெயர்ப்பலகையை நம்பியவன்

நம் நாட்டில் சாராயக் கடைக்கெல்லாம் 'வைன் ஸ்டோர்ஸ்' என்றுதான் பெயர்ப்பலகை. அதை நம்பி, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு நாள் போய் வரிசையில் நின்றேன். கம்பி வலைக்குள் கையை விட்டு எல்லோரும் கால் போத்தல், அரைப் போத்தல் என்று வாங்கிப்போகிறார்கள். என் முறை வந்தது. "சிவப்பு வைன் இருக்கா?" என்றேன். கடைக்காரர் கையிலிருந்த சாராயப் போத்தல் நழுவியது. மணிக்கூட்டுக் கோபுரத்து முள்ளே ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

உள்ளே ஏணி வைத்து ஏறி, எங்கோ கூரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு போத்தலை இறக்கினார்கள். அதில் ஒரு சிலந்தி பேரன் பேத்தி எடுத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. துடைத்துத் தந்தார்கள். "வாங்க, சேர்ந்து ஒரு கிளாஸ் பாப்போம்" என்று கேட்டுவிடலாமா என்று பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். கையெல்லாம் சீமெந்து காய்ந்திருந்த மேசன் பாஸ். அவர் போத்தலைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார், மிகவும் அக்கறையாகச் சொன்னார்: "வீட்டுல யாருக்கும் புள்ள பொறந்திருக்கா ஐயா? பெத்தவளுக்குக் குடுக்க பிராந்திதான் நல்லம்."

ஹாஜியாரின் குறடு

வாங்கி வந்த பிறகுதான் தக்கை கண்ணில் பட்டது. அதைத் திறக்கும் கருவி என்னிடம் இல்லை. பக்கத்து ஹாட்வெயர் கடை ஹாஜியார் எனக்கு நெடுநாள் சிநேகிதர். அவரிடம் வைன் என்று வாயெடுத்து அவரைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. "ஒரு நீள ஸ்குரு ஆணியும், ஒரு குறடு இரவலும் தாங்க ஹாஜியார். இருமல் மருந்துப் போத்தல் தொறபடுதில்ல" என்றேன். தந்தார்.

ஆணியைத் தக்கையில் முறுக்கி, போத்தலை முழங்காலுக்கிடையில் வைத்து, குறட்டால் பிடித்து, காலைச் சுவரில் உதைத்து இழுத்தேன். தக்கை யன்னல் வழியாகப் பாய்ந்து, கீழே போய்க்கொண்டிருந்த மாத்தளை ரயிலுக்குள் நுழைந்து டிக்கெட் இல்லாமல் மாத்தளைக்குப் போய்விட்டது. வைனில் பாதி என் சட்டைக்கு. மறுநாள் குறட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ஹாஜியார் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். என்னை மேலும் கீழும் பார்த்தார். சத்தம் போடவில்லை. கழுவிக் கொண்டுவரச் சொல்லி என் கையிலேயே திரும்ப வைத்தார். "இந்த இருமலுக்கு வேற கடைக்குப் போங்க. கதைக்கிறதுண்டா எந்நேரமும் இங்க வாங்க."

உடவத்தகலை விருந்தாளி

கதைக்கப் போனேன்தான். ஆனால் கதை வேறு, கிளாஸ் வேறு. ஒரு பின்னேரம் குசினிப் பக்கத்து முற்றத்தில் மேசை போட்டு, எனக்கு ஒன்று, எதிர்க் கதிரைக்கு ஒன்று என்று இரண்டு கிளாஸ் ஊற்றி வைத்தேன். எதிரே வெறும் மேசை இருந்தால் பார்க்க நன்றாயில்லை, அவ்வளவுதான். உள்ளே கடலை எடுக்கப் போய்த் திரும்பினால், உடவத்தகலைக் காட்டிலிருந்து வந்த குரங்கு ஒன்று எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருக்கிறது.

நான் அசையவில்லை. அது கிளாஸை, வயிற்றைப் பிடிக்காமல், முறைப்படி காலைப் பிடித்துத் தூக்கியது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறம் பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தது. நுனிநாக்கால் தொட்டது. பிறகு முகத்தைச் சுளித்து, கிளாஸைச் சிந்தாமல் மேசையில் வைத்துவிட்டு, என் கடலையைப் பிடுங்கிக்கொண்டு மரம் ஏறிவிட்டது. எனக்குக் கோபமில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்து போயிருக்கலாம். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் புஷ்பம் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள்: "ஏன் ஐயா, கூட ஒக்காந்து குடிக்க மனுசர் ஒருத்தருமா கெடைக்கல?"

போனுக்குள் மகள்

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மகளைக் கூப்பிட்டேன். இங்கே பின்னேரம் என்றால் அங்கே இருட்டிவிடும். அவளும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டாள். போனை ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்தேன். "சியர்ஸ் அப்பா" என்று கிளாஸை உயர்த்தினாள். நான் என் கிளாஸால் போனின் கண்ணாடியைத் தட்டினேன்.

பிறகு கதை சொன்னேன். ஒரு வீட்டில் தண்ணீர் மீட்டர் பின்னோக்கி ஓடி, வருஷக் கடைசியில் அந்த வீட்டுக்காரர் குளத்துக்கே தண்ணீர் கொடுத்தவராகிப்போன கதை. வழக்கமாகப் பாதியில், "அப்பா, இது போன தடவ சொன்னீங்க" என்பாள். அன்றைக்கு ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. சிரித்த முகம் மாறாமல் கேட்டாள். எனக்குப் புளகாங்கிதம். கதைமேல் கதையாக எடுத்துவிட்டேன். என் கிளாஸ் முடிந்த பிறகுதான் கவனித்தேன்: அவள் கிளாஸ் வாயருகே உயர்ந்தபடியே நிற்கிறது. கண்ணும் இமைக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள்: "லைன் கட்டாகி நான் மறுபடி மறுபடி எடுத்தேன்ப்பா, பிஸின்னே வந்துச்சு. யாரோட அவ்வளவு நேரம் கதைச்சுக்கிட்டிருந்தீங்க?"

துப்பத் தெரிந்தவர்

கடைசியில் ஆள் அகப்பட்டது ஒரு கல்யாண வீட்டில். சாப்பாட்டு மேசையில் நான் என் வைன் பெருமைகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கோட் போட்ட ஒருவர் பாயாசத்தைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஹந்தானைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இலை வாட்டுவது முதல் தூளை ருசி பார்ப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பில் இருந்ததாம். மகன் வீட்டில் இருக்கிறார். "வைன் எல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா நாக்குக்குப் பழக்கம் வேணும் பாருங்க, அது நமக்கு இருக்கு" என்றார். சனிக்கிழமை வரச் சொன்னேன். மத்தியான பஸ்ஸில் அதே கோட்டோடு வந்து இறங்கினார்.

அலுமாரியிலிருந்து நல்ல கிளாஸை எடுத்து ஊற்றிக் கொடுத்தேன். மனிதர் எழுந்து நின்றார். "ஸ்ஸ்ர்ர்ர்ப்" என்று ஓர் உறிஞ்சல். புஷ்பத்தின் கோழிகள் வேலி தாண்டி ஓடின. கண்ணை மூடி, வாயின் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். பிறகு தலையைத் திருப்பி, என் தண்ணீர் வாளிக்குள் குறி தவறாமல் துப்பினார். தேயிலை ருசி பார்க்கிறவர்கள் விழுங்க மாட்டார்களாம். அடுத்த வாயும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. என் வைன் முழுதும் என் கண் முன்னாலேயே வாளிக்குப் போகிறது! "ஐயோ, முழுங்குங்க டீமேக்கர்!" என்று கத்தினேன். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "முழுங்கிறது யாருக்கும் முடியும்ண்ணே. துப்பத்தான் படிக்கணும்."

போயா சனிக்கிழமை

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். உறிஞ்சுவார், துப்புவார், என் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். நான் கதை விடுவேன்; அவர் நம்புவார், அல்லது நம்புகிற மாதிரி இருப்பார். போன வருஷம் காய்ச்சலில் கிடந்து எழும்பியதிலிருந்து மருமகள் கறிக்கு உப்பே போடுவதில்லை என்று குறைப்படுவார். அவர் போன பிறகு கழுவுவதற்கு இரண்டு கிளாஸ் கிடக்கும். ஒரு கிளாஸ் கழுவுவதற்கும் இரண்டு கிளாஸ் கழுவுவதற்கும் உள்ள வித்தியாசம், தனியாக இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. அதை மறந்துபோய் வீட்டில் ஒரு சொட்டு வைன் இல்லாமல் இருந்துவிட்டேன். வர வேண்டாம் என்று போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. அதற்குப் பதிலாக என் பழைய குறும்பு தலைதூக்கியது. அவர் அன்பளிப்பாகக் கொண்டுவந்து தந்த ஹந்தானைத் தேயிலை குசினியில் இருந்தது. சாயம் கடுமையாக இறக்கி, ஆறவிட்டு, சிவப்புக்குக் கொஞ்சம் நெல்லிக் கோடியல் சர்பத்துக் கலந்து, வெறும் வைன் போத்தலில் நிரப்பி வைத்தேன். முதல் வாயிலேயே, "அடப்பாவி அண்ணே, இது நம்ம தோட்டத்துத் தேத்தண்ணி!" என்று கத்துவார், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வந்தார். எழுந்து நின்றார். உறிஞ்சினார். உருட்டினார். துப்பினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை வயிற்றில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். டீமேக்கர் கண்ணைத் திறந்து, முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது சரக்குண்ணே! திராட்ச நல்லாப் பழுத்திருக்கு. மரப் பீப்பாவுல கிடந்தது."

சிரிப்பு என் வயிற்றிலேயே இறங்கிவிட்டது. காலமெல்லாம் தேயிலையை ருசி பார்த்த நாக்கு, தன் மலையின் தேயிலையையே தொட்டும் அறியவில்லை. போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு மருமகள் சமையலில் உப்பே இல்லை என்று அவர் குறைப்பட்டது அப்போதுதான் உறைத்தது. உப்பு இருந்திருக்கிறது; இவருக்குத்தான் நாக்குச் செத்துவிட்டது. தீர்ப்புச் சொல்லும் முன் ஒவ்வொரு தடவையும் என் முகத்தை ஏன் பார்த்தார் என்பதும் விளங்கியது. நான் முகம் மலர்ந்தால் நல்ல வைன், சுளித்தால் மட்டம். வைன் அவருக்கு வெறும் சிவப்புத் தண்ணீர். பிறகு எதற்காகக் கோட் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருகிறார் என்று யாராவது கேட்டால், என்னைக் கேட்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

கதை விடுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு இப்படி ஒரு கதை வாழ்நாளில் கிடைத்ததில்லை. தேத்தண்ணியை வைன் என்று புகழ்ந்த டீமேக்கர்! அவிழ்த்துவிட்டால் கண்டியே சிரிக்கும், கடுகண்ணாவை வரைக்கும் கேட்கும். நாக்கு நமநமவென்றது. ஆனால் ஒரு வார்த்தை விட்டால் போதும், அடுத்த சனிக்கிழமை அந்தப் பஸ்ஸிலிருந்து யாரும் இறங்க மாட்டார்கள். "அவுஸ்திரேலியாச் சரக்கு. மகள் அனுப்பினது" என்றேன், முகத்தை நன்றாக மலர்த்தி. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வழக்கத்தைவிட நேரம் இருந்தார். பஸ்ஸுக்கு எழும்பும்போது தக்கையைத் தாமே எடுத்து, போத்தலை இறுக்கி மூடி, என் கையில் தந்து சொன்னார்: "மிச்சத்த அடுத்த சனிக்கிழமைக்கு வைங்கண்ணே. வேற யாருக்கும் ஊத்திடாதீங்க."

இவ்வளவும் உங்களோடு இருக்கட்டும்; வழியில் கோட் போட்ட ஒரு பெரியவரைக் கண்டால் வைன் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம், எடுத்தாலும் மஹியாவைப் பக்கம் யாரும் எதுவும் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். இத்தனை போத்தல் திறந்து நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: இரண்டு பேர் உட்கார்ந்து வைன் குடிப்பதற்கு, வைன் அவ்வளவு முக்கியமில்லை.