மூன்றாவது சட்டி

போன வாரம் இந்த வயதில் ஒரு திருட்டு வேலை செய்தேன். சிரிக்காதீர்கள்... காரணம் சொல்கிறேன்.

என் பேத்தி அமானிக்குப் பதினைந்து வயது. என் மகள் டோஹாவில் ஹோட்டல் வேலை செய்தபோது கட்டிக்கொண்டவர் கென்யாக்காரர். தங்கமான மனிதர். அவர் ஊரிலும் தேயிலை மலைதானாம்! முதல் தடவை வந்தபோது பால் விடாத என் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, கென்யாத் தேயிலைதான் ருசி என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை... சரி, அதை விடுங்கள்.

நான்கு மாதத்துக்கு முன் குடும்பத்தோடு இலங்கைக்கு, எங்கள் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள். அமானிக்கு அப்பாவின் நிறம், அப்பாவின் சுருட்டை முடி, என் மகளின் வாய். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் யார் பேச விட்டார்கள்? மாத்தளை பஸ்ஸில் கண்டக்டர், "மேடம், வேர் கோயிங்?" என்கிறார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளும் அப்படித்தான். வீட்டுக்குப் போனால் எல்லோருக்கும் தரையில் பாய் — இவளுக்கு மட்டும் நாற்காலி!

மாரியம்மன் திருவிழா வந்தது. பெண் பிள்ளைகள் முளைப்பாரி போடுவார்கள். சட்டியில் பயறு விதைத்து, இருட்டறையில் வளர்த்து, ஒன்பதாம் நாள் தலையில் சுமந்து கோயிலுக்குப் போவார்கள். அமானியும் ஒன்று போட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னாடி ஆச்சு?"

"அம்மாயி, எல்லாருதும் மொளச்சு என்னோடது மட்டும் மொளைக்காட்டி? இந்த மண்ணுக்கே என்னைய புடிக்கலன்னு சொல்லுவாங்க."

யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நினைப்பார்கள். அதுதான் அவள் பயம்.

எனக்குப் பொறுக்குமா? சட்டி போட்ட பிள்ளைகளைத் தவிர யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. நான் போனேன்! எல்லோரும் கொழுந்தெடுக்கப் போன பிறகு, மூன்று நாள், ஒரு செம்பு அரிசி கழுவிய தண்ணீரோடு.

சட்டிகளில் பெயர் ஒட்டியிருந்தது. எனக்குத்தான் எழுத்து தெரியாதே — நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறாள். தன்னுடையது மூன்றாவது சட்டி என்று அமானி சொல்லியிருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது? அதைக் கேட்காமல், கதவுப் பக்கமிருந்து எண்ணி ஊற்றிவிட்டேன்!

ஒன்பதாம் நாள் கதவைத் திறந்தார்கள். அமானியின் முளை, மற்றவர்களுடையதைப் போலவே அழகாக ஒரு சாண் உயரம். பக்கத்து லயத்துச் சுதாவுடையது மட்டும் இரண்டு சாண்! தூக்கினால் நாலா பக்கமும் சாய்கிறது. சுதாவுக்கு அழுகை வந்துவிட்டது. அமானி சட்டென்று தன் கொண்டையிலிருந்த ஹேர் பேண்டைக் கழற்றி, முளைகளைச் சேர்த்துக் கட்டினாள்.

"இறுக்காதடி, ஒடிஞ்சிரும்!"

"அப்ப நீயே கட்டிக்க!"

"வாயப் பாரு வாய! சட்டியத் தூக்குடி, ஒன்னாலதான் எல்லாருக்கும் லேட்டு!" என்றாள் சுதா.

என் பேத்திக்கு முகமெல்லாம் பல். ஏன் இருக்காது? நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒருத்தி அவளைத் திட்டிவிட்டாள்! நம் ஆட்கள் வெளியாளுக்கு மரியாதை கொடுப்பார்கள். திட்டுவது நம் பிள்ளையை மட்டும்தான்.

தன் மகளுக்கு அம்மன் தனியாக அருள் கொடுத்திருக்கிறாள் என்று சுதாவின் அம்மா லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்... தயவுசெய்து இந்த வாரப் பத்திரிகையை அவள் கண்ணில் காட்டிவிடாதீர்கள்!