வேர் இறங்கும் வரை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் இருக்கிறது, ஆனால் அதில் ஒன்றும் முளைக்காது. காற்று அதிகமான மாதங்களில் தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளை மணல் பறந்து வந்து, ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் மேலெல்லாம் படியும். அதனால் என் மகள் மண்ணே வேண்டாம் என்று சுவரோரமாகப் பிளாஸ்டிக் குழாய்களைக் கொஞ்சம் சாய்வாகக் கட்டினாள். குழாயில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சல்லடைக் கிண்ணம், அதற்குள் ஸ்பாஞ்சுத் துண்டில் ஒரு கீரை நாற்று. பக்கெட்டில் கிடக்கும் சின்ன மோட்டார் தண்ணீரை மேலே தள்ளும். அது குழாயின் அடியில் ஓடி, மறுமுனை வழியாகத் திரும்ப பக்கெட்டிலேயே விழும்.

அவள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். அங்கே ஒரு கடைக்காரர், கீரை நன்றாக வந்தால் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். முதல் தடவை போட்ட இந்தக் கீரை தேறினால் ரயில் அலைச்சலை விட்டுவிடுவேன் என்றாள் அவள். ஒரு தடவைதான் சொன்னாள். ஆனால் நின்றுகொண்டே போய்வந்து வீங்கிப்போன அவள் கால்களை நான் தினமும் பார்க்கிறேன்.

"பச்சையாவே திங்கிற கீரையாம் நைனா," என்று என் அப்பாவிடம் சொன்னேன்.

"இன்னா, ஆடா அவுங்க?" என்றார்.

நைனாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சுரங்கத்தில் அடி லெவலில் பம்ப் பார்த்தவர். என் மனைவி இறந்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அவரைத் தனியாக விட முடியாததால் பெயின்ட் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு நான் வீட்டில் இருக்கிறேன்.

அன்று கிளம்பும்போது மகள் என்னைக் குழாயிடம் கூட்டிப்போனாள்.

"அப்பா, வேர் இன்னும் ஸ்பாஞ்ச வுட்டு வெளிய வரல. அடியில ஓடற தண்ணி அதுக்கு எட்டாது. அதான் தண்ணி வெளிய போற வாயில இந்த ரப்பர வெச்சிருக்கேன். தண்ணி ஏறி நின்னாதான் ஸ்பாஞ்சு நனையும். வேர் எறங்கற வரைக்கும் எடுக்காத."

பழைய செருப்பிலிருந்து பாதி வட்டமாக அறுத்த ரப்பர் அது. அதற்கு மேல் வழிகிற தண்ணீர் மட்டும் பக்கெட்டுக்குப் போகும்.

"நான் ஏம்மா எடுக்கறேன்," என்றேன்.

சோறு வடித்துவிட்டு வெளியே வந்தபோது நாற்றுகள் தலை சாய்ந்திருந்தன. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஸ்பாஞ்சைத் தொட்டால் காய்ந்திருந்தது. குழாய் வாய்க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நைனா உட்கார்ந்திருந்தார். கையில் அந்த ரப்பர்.

"இன்னா நைனா இது?"

"தண்ணி ஏறிச்சிடா. எவனும் பாக்கல. நான்தான் தொறந்து வுட்டேன்."

கொஞ்ச காலமாக அவருக்கு இடமும் நேரமும் கலந்துபோகின்றன. வேலை செய்த காலம் முழுக்க அவர் செய்தது ஒன்றுதான். கீழே ஊறும் தண்ணீரை வெளியே தள்ளுவது. அது ஏறினால் கீழே இருக்கிற ஆட்கள் செத்தார்கள். இப்போது நிற்கிற தண்ணீர் எது, ஏன் நிற்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ரப்பரை வாங்கித் திரும்ப வைத்தேன். உள்ளே போய் வருவதற்குள் எடுத்துவிட்டார். டீ கொடுத்து உள்ளே உட்கார வைத்தேன். டம்ளரோடு வெளியே வந்தார். ஸ்டூலை ஒளித்தேன். நின்றுகொண்டே காவல் காத்தார். அறையில் வைத்துப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. மகளுக்குப் போன் செய்யக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். அங்கே இருந்துகொண்டு அவள் என்ன செய்வாள்? கடைசியில் ஒரு ஸ்பூனை எடுத்து ஒவ்வொரு ஸ்பாஞ்சாக நனைத்துக்கொண்டு போனேன். கடைசி நாற்றுக்கு வருவதற்குள் முதல் நாற்று காய ஆரம்பித்தது. நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிய வெளிய எடுக்கச் சொன்னா, நீ உள்ள ஊத்தினு கீறியேடா!"

இருட்டிய பிறகு மகள் வந்தாள். நாற்றுகளில் பாதிக்கு மேல் படுத்துவிட்டிருந்தன. நைனா கையிலிருந்த ரப்பரைப் பார்த்தாள். பையைக்கூடக் கழற்றாமல் நைனா முன்னால் குந்தினாள்.

"தாத்தா, ஷிப்ட் முடிஞ்சிச்சி. வா, போலாம்."

"அடுத்த ஆளு வரலியேம்மா. ஆள் மாத்தாம பம்ப வுட்டுட்டு எப்படி வருவேன்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் முன்னால் போய் நின்றேன்.

"நான் வந்துட்டேன் நைனா. நீ போ."

ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். "நீயா? உனக்கு பம்ப் தெரியாதேடா."

கோபமில்லாமல்தான் சொன்னார். உண்மையும் அதுதான். சின்ன கிளாஸோடு என் படிப்பு நின்றது. நான் வேலைக்குத் தகுந்த வயதுக்கு வந்தபோது மைனில் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

மகள் அவர் தோளைப் பிடித்து மெல்ல உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"ரப்பர தர மாட்டேன்றாரு."

"வேற ஒண்ணு அறுக்கட்டா?"

"அறு அப்பா. நாளைக்கி அதையும் எடுப்பாரு."

காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கத்தியை வைத்தேன். உள்ளேயிருந்து நைனாவின் குரல் வந்தது.

"தண்ணி எவ்ளோ நிக்குது?"

மகள் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கம்மியாதான் இருக்குது தாத்தா."

"அப்ப சரி," என்றார் நைனா.