முதல் வரிசையை விட்ட டிரம்

பேருந்துப் பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயர் 'இடி'. பகலில் டயர் மாற்றுவார். மாலையில் பணிமனை பேண்டில் பெரிய டிரம் அடிப்பார். முகத்தைப் பார்த்து எந்த வேலையில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. பதினெட்டு ஆண்டுகளாக, ஊரின் வருடாந்திர ஊர்வலத்தில் முதல் வரிசையின் நட்டநடு இடம் அவருடையது. மனைவியின் அண்ணன் தவறாமல் கடைத்தெருவில் வந்து நிற்பார். டயர்காரனுக்குத் தங்கையைக் கொடுத்துவிட்டோமே என்ற அந்த மைத்துனரின் மனக்குறை, ஆண்டுக்கு அந்தப் பத்து நிமிடம் மட்டும் அடங்கியிருக்கும். ஆகவே அந்த இடம் இடிக்கு உயிர்.

பேண்டுக்கு ஒரு விசித்திரம் உண்டு. முற்றத்தில் நெருங்கி நின்று வாசித்தால் தேன். தெருவில் நீள வரிசையாக நடந்து வாசித்தால் தகரம். பேண்டை நடத்தும் டைம் கீப்பர், பின்வரிசையில் டிரம்பட் ஊதும் டிரைவர்களைத்தான் திட்டுவார்.

"வண்டியத்தான் லேட்டா எடுக்கிறீங்க, வாசிக்கிறதுமா?"

இந்த ஆண்டு ஊர்வலத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இடிக்குத் தோள் பிடித்துக்கொண்டது. தெரு ஒத்திகையில் பணிமனை எலக்ட்ரீஷியன் டிரம்மை மாட்டிக்கொண்டார். இடி ஓரமாக நின்று கேட்டார். தகரமேதான். பரம சந்தோஷம்.

"நான் இல்லாட்டி இப்படித்தான்!"

"நீங்க இருந்தாலும் இப்படித்தாண்ணே," என்றார் எலக்ட்ரீஷியன்.

அது உறைத்தது. அடுத்த சுற்றில் பேண்டோடு கூடவே நடந்தார். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் டிரம்மும் டிரம்பட்டும் ஒட்டி ஒலித்தன. முன்னால் வந்து கேட்டால், அதே டிரம்பட் சற்றுப் பிந்தி வந்தது. டிரம் ஓசை பின்னால் போய்ச் சேர ஒரு கணம். அதைக் கேட்டு ஊதியது முன்னால் வர இன்னொரு கணம். டிரைவர்கள் மேல் தப்பில்லை. டிரம் பின்னால் இருக்கவேண்டும். அப்போது ஓசை ஒவ்வொரு வரிசையாகக் கூட்டிக்கொண்டு முன்னால் வரும்.

இதைக் கண்டுபிடித்த மேதை மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

"தோளு இன்னும் வலிக்குதா?" என்றாள் மனைவி.

"தோளு சரியாப்போச்சு." விஷயத்தைச் சொன்னார்.

"எங்கண்ணன் உங்களப் பாக்கணும்னு ஊரே தகரத்தக் கேக்கணுமா?"

நான்காம் நாள் டைம் கீப்பரிடம் போய்ச் சொன்னார். அவர் டிரைவர்களைப் பார்ப்பதைத் தவிர்த்தபடி, "பின்னாடி போனா உங்கள யாரும் பாக்க மாட்டாங்களேய்யா?" என்றார்.

"இன்ஜின் பின்னால இருக்கிற பஸ்ஸும் ஓடத்தான சார் செய்யுது," என்றார் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஊர்வலத்தன்று கடைசி வரிசையில் இடி அடித்தார். தெருவில் பேண்டு முதன்முறையாகத் தேனாக ஒலித்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

மாலையில் மைத்துனர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்பிள்ள, இந்த வருஷம் பேண்டு பிரமாதம்! உங்களக் காணோமே, பேண்டுலருந்து எடுத்துட்டாங்க போல?"

இடி மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ஆமா மச்சான்," என்றார் இடி. "கொஞ்சம் தள்ளி வச்சிருக்காங்க."