போனுக்குப் பின்னால் ஒரு குரல்

எங்கள் வீட்டில் பின்வாசல் பக்கம் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்த மாதங்களில் அந்த இடமே என் வகுப்பறை ஆனது. மலையகத்தில் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். பழைய பலகை ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, கூரை ஓரத்தில் அடுக்கியிருந்த விறகின்மேல் சாய்த்துவைத்து, அதில்தான் எழுதினேன். எதிரே முற்றத்தில் நின்று போனைப் பிடித்தவர் என் கணவர்.

அவர் ஹட்டன் பாதையில் ஓடும் தனியார் பஸ் ஒன்றின் கண்டக்டர். பஸ்கள் ஓடாததால் வீட்டில் இருந்தார். முதல் நாள் போனை ஒரு வாளியின்மேல் நிறுத்திப் பார்த்தேன், காற்றுக்கு விழுந்துவிட்டது. "இங்க கொண்டா, நான் புடிக்கிறேன். ஓடுற பஸ்சுல கம்பியப் புடிக்காம நிக்கிற ஆளு, நமக்கு ஆடாது" என்றார். உண்மையிலேயே ஆடவில்லை. தூறல் விழுந்தால் ஒரு கையில் போன், மறு கையில் குடை. குடை போனுக்குத்தான்; அவர் நனைந்தபடி நிற்பார்.

பிள்ளைகளின் மௌனந்தான் என்னை வதைத்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே பெரிது. வகுப்புக்கு வருகிறவர்களும் டேட்டா போய்விடும் என்று வீடியோவை அணைத்து, மைக்கையும் மூடிவிடுவார்கள். வகுப்பறையில் என்றால் ஒரு பிள்ளையின் நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்தே எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். இங்கே திரையில் பெயர்கள் மட்டுமே. "விளங்குதா?" என்று கேட்டால் பதில் வராது. ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வகுப்பு அது. நாளுக்கு நாள் பெயர்களும் குறைந்துகொண்டே போயின. இனிக் குறிப்புகளை எழுதி அனுப்பிவிட்டு, வகுப்பை நிறுத்திவிடலாம் என்றே முடிவுசெய்திருந்தேன்.

அன்று இருபடிக் கோவை. எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஐந்து எக்ஸ் கூட்டல் ஆறு. நடுவிலிருந்த ஐந்தை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து எழுதி, அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். போனுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், அஞ்ச ஏன் ரெண்டும் மூணுமா பிரிச்சீங்க? ஒன்னும் நாலும் கூட்டினாலும் அஞ்சுதானே?"

கணவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இதென்ன விளையாட்டு என்று முறைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அதற்குள் ஒரு மைக் திறந்தது. பின்னால் கோழி கத்த, ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் அதுதான் வெளங்கல டீச்சர்."

பல கிழமைகளுக்குப் பிறகு நான் கேட்ட முதல் குரல் அது. எழுதியதை அழித்துவிட்டுச் சோக்கட்டியை மறுபடி எடுத்தேன். கூட்டினால் ஐந்து வந்தால் மட்டும் போதாது, பெருக்கினால் ஆறும் வரவேண்டும் என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். "ஆங், இப்ப சரி" என்று முற்றத்திலிருந்து பதில் வந்ததும் இரண்டு மூன்று பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வகுப்பு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, "வேணும்னுதானே கேட்டீங்க?" என்றேன்.

"இல்ல, மெய்யாவே வெளங்கல" என்றார். "படிக்கிற காலத்திலயும் இதே எடத்துலதான் விட்டேன். அன்னைக்குக் கேட்டிருந்தா வகுப்பே சிரிச்சிருக்கும். இப்ப என் மூஞ்சி யாருக்கும் தெரியாதுல்ல?"

ஓ.எல். பரீட்சையில் கணக்கில் தவறிப் படிப்பை விட்டவர் அவர் என்பது எனக்குத் தெரியும். கையை உயர்த்தப் பயந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையை அன்றுதான் அறிந்தேன்.

அதன்பிறகு அவர் கேட்காத நாளில்லை. அவர் ஒன்று கேட்டால் பின்னாலேயே பிள்ளைகள் இரண்டு கேட்பார்கள். ஒருநாள் அவர் மரக்கறி லொறி ஒன்றில் வேலைக்குப் போய்விட, போனை மறுபடி வாளியில் நிறுத்தினேன். "மாமா இல்லையா டீச்சர்?" என்று கோழிச் சத்தத்து வீட்டுப் பிள்ளை கேட்டாள். குறைந்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

பாடசாலை திறந்தது; அவரும் பஸ்சுக்குத் திரும்பினார். இப்போது வகுப்பில் எல்லோரும் சேர்ந்து "விளங்குது டீச்சர்" என்றால் நான் உடனே நம்புவதில்லை. யாராவது ஒருவர் வாய் திறக்கும்வரை சோக்கட்டியோடு காத்திருக்கிறேன்.

அடுத்த ஓ.எல். பரீட்சையில் கணக்கு எழுத அவரையும் பெயர் கொடுக்கச் சொன்னேன். "சின்னப் பிள்ளைங்களோட போயி உக்காரச் சொல்றியா?" என்று பல நாள் மறுத்தார். பிறகு போய் எழுதினார். பெறுபேறு வந்த காலையில் நான்தான் பார்த்து அவருக்கு போன் எடுத்தேன். பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கணக்கு பாஸ்."

எஞ்சின் சத்தத்துக்கும் மேலாக, அவர் பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார்: "அண்ணே, ஓ.எல். கணக்கு பாஸாம்!"

"யாரு, டீச்சரம்மாகிட்ட படிக்கிற புள்ளையா?" என்றது டிரைவரின் குரல்.

"இல்லண்ணே, நான்தான்."