இரண்டு சம்பந்திகளும் ஒரு வெள்ளைப் பட்டும்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் கோதண்டபாணிக்கு 'அஞ்சு நாக்கு' என்று பேர். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம், எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. தமிழ் வீட்டில் வந்தது. தெலுங்கு பக்கத்து வீட்டிலிருந்து. ஆற்காட்டு வியாபாரிகளிடம் உருது, வாடிக்கையாளர்களிடம் இங்கிலீஷ். புதுச்சேரித் துணிக்கடையில் பதினான்கு வருஷம் நின்றதில் பிரெஞ்சும் ஒட்டிக்கொண்டது.

அன்று காலை அவர் எதிரே, வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில், இரண்டு பெண்மணிகள் உட்கார்ந்திருந்தார்கள். புடவை மடிக்கும் சங்கீதா கிசுகிசுத்தாள்.

"இன்னாண்ணே, ரெண்டு பேரும் நம்ம தெருக்காரங்க மாதிரியே இருக்காங்க. 'வாங்கம்மா'ன்னா முழிக்கிறாங்களே!"

ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த திருமதி மூட்லி. இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். மற்றவர் ரீயூனியன் தீவிலிருந்து வந்த மதாம் வெலாயுடோம். அவருக்குப் பிரெஞ்சு மட்டும். சம்பந்திகள். வெள்ளிக்கிழமை இங்கே கோயிலில் கல்யாணம். பெண்ணும் பிள்ளையும் கோயில் ஆபீசுக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்தார்கள்.

மூட்லி என்றால் முதலியார். வெலாயுடோம், வேலாயுதம். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் பேரை எந்தக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினானோ! ஒரு கப்பல் இங்கிலீஷ்காரன் ஆண்ட சீமைக்கு, இன்னொன்று பிரெஞ்சுக்காரன் தீவுக்கு. நூற்றைம்பது வருஷம் கழித்து, ஒரே ஜாடையுள்ள இருவர் பேசிக்கொள்ள எட்டாவது படித்த தான் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது கோதண்டபாணிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மகளின் கல்யாணப் புடவைக்கு மதாம் வெள்ளைப் பட்டைத் தொட்டார். மூட்லியம்மா அரக்கு நிறத்தை இழுத்தார்.

"வெள்ளையா? என் மகன் விதவையையா கட்டுகிறான்?"

கோதண்டபாணி சர்க்கரை தடவி, "அவங்களுக்கு அரக்கு பிடிச்சிருக்கு" என்று பிரெஞ்சில் சொன்னார்.

மதாம் அவரை உற்றுப் பார்த்தார். "ஐயா, அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதைச் சொல்லுங்கள்."

ஒரு வார்த்தையில் கல்யாணம் நின்றுவிட்டால்? ஆனாலும் உள்ளபடி சொன்னார். மதாம் நிதானமாகப் பதில் சொன்னார்.

"எங்கள் தீவில் அந்தக் காலத்தில் சர்ச்சில் நடந்த கல்யாணத்துக்குத்தான் மதிப்பு. என் அம்மா வெள்ளைதான் உடுத்தினாள். ஆனால் பாதிரியாருக்குத் தெரியாமல், உள்மடிப்பில் இதைத் தேய்த்துக்கொண்டாள்."

கைப்பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, பாட்டில் தண்ணீரில் நனைத்து, வெள்ளைப் பட்டின் முனையில் அழுத்தித் தேய்த்தார்.

"ஐயோ, இன்னும் பில்லே போடலையே!" என்று சங்கீதா பதறினாள்.

கோதண்டபாணி இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் மதாம் கிழங்கைத் தூக்கிக் காட்டி, தமிழிலேயே சொன்னார்.

"மஞ்சள்."

மூட்லியம்மா நிமிர்ந்தார். "மஞ்சளா? உங்களுக்கும் அது மஞ்சள்தானா?"

அரக்குப் புடவை அவர் மடியிலிருந்து நழுவியது. அவர் எட்டி, அந்த ஈர முனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் முணுமுணுத்தார்.

"மஞ்சள் பட்டபிறகு இது வெள்ளை இல்லை."

கோதண்டபாணி பிரெஞ்சுக்கு வாயெடுத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. மதாம் தன் கழுத்தைத் தொட்டு, சோதிப்பதுபோல, "தாலி?" என்றார்.

"தாலி!" என்றார் மூட்லியம்மா. "குங்குமம்?"

"குங்குமம். கற்பூரம்?"

"கற்பூரம்! வேப்பிலை?"

இருட்டில் ஒருவர் கையை ஒருவர் தேடுவதுபோல வார்த்தைகள் போய்வந்தன. வெள்ளைப் பட்டு இருவர் மடியிலும் கிடந்தது.

"அண்ணே, வெள்ளைக்கே பில்லு போட்டுறவா?" என்றாள் சங்கீதா.

கோதண்டபாணி விரலை உதட்டில் வைத்தார்.

"இரும்மா. பேசிக்கினு இருக்காங்க."