மஞ்சள் படிந்த குமிழ்

அக்காவுக்கு மோட்டார் சக்கரக் கதிரை வந்த அன்று சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டில் அம்மா, அக்கா, நான், கதிரை மிஸ் ஆகியோர் இருந்தோம். அப்பா இல்லை, கோப்பை கழுவும் வேலையில் லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்குத் தசைகள் மெல்லத் தளரும் நோய். அவளை அளந்து, இருக்கையையும் முதுகுப்பலகையையும் அவளுக்கென்றே தெரிந்தெடுத்தவர் மிஸ்தான். அதற்கென்றே படித்துச் சான்றிதழ் பெற்றவர். கதிரையை ஓட்டும் தடியின் நுனியில் வெளிர்சாம்பல் றப்பர் குமிழ் ஒன்று இருந்தது.

தடி எந்தக் கைக்கு என்று மிஸ் கேட்டார். மொழிபெயர்த்தவன், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்த நான். அக்கா வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "வலக்கைக்குத்தான். இடக்கையால ஓட்டிக்கொண்டோ பிள்ளை பூசையில சுவாமியாரிட்டை நன்மை எடுக்கப் போறது?" அக்காவும் தலையாட்டினாள்.

சில கிழமைகள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் வரலாமா என்று மிஸ் கேட்டு வந்தார். கதிரையில் இருப்பவரின் நாளைப் பாராமல் தன் வேலை முடியாது என்றார். வெள்ளைக்காரி முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று அம்மா அக்காவிடம் கரண்டியைக் கொடுத்திருந்தார். சோறு மடியில் கொட்டியது. மிஸ்ஸின் கண் குமிழில் படிந்திருந்த மஞ்சளில் நின்றது. இது எப்படி வந்தது என்று கேட்டார்.

அக்கா கரண்டியை வைத்தாள். "சொல்லடா தம்பி, நான் கையாலதான் சாப்பிடுறனான். நீங்கள் வேலைக்கு ஓடின பிறகு, கை கழுவிவிட ஆரும் வருமட்டும் சோறு காஞ்ச கையோட இருக்கிறன். பொறுக்கேலாட்டி கறிக் கையாலயே பிடிச்சிடுறன்."

எனக்கும் அம்மாவுக்கும் அது அன்றுதான் தெரியும். மிஸ் முழந்தாளிட்டுத் தடியைக் கழற்றி இடப்பக்கம் பூட்டினார். அந்தக் கையின் பலத்துக்கேற்ப வேகத்தைக் குறைத்தார். அக்கா ஒரு வாய் சோற்றோடு குசினி வாசல்வரை ஓட்டிப் போனாள். "அம்மா, இனிக் கறி சரியில்லையெண்டா சாப்பிட்டபடியே ஓடித் தப்புவன்." அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறோம். இந்த வீட்டை வாங்கும்போது, அக்கா கண்மூடி மூன்று வருடமாகியும், அம்மா ஒவ்வொரு வாசலிலும் கை விரித்து அகலம் பார்த்தார். மத்தியானங்களில் அந்த மோட்டாரின் மெல்லிய இரைச்சலுக்கு என் காது இன்னும் காத்திருக்கிறது.

கதிரையை இன்னொருவர் பாவிக்கட்டும் என்று அக்கா போன கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டோம். குமிழை மட்டும் அம்மா விடவில்லை. மிஸ் ஒன்றும் கேளாமல் அதைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். மஞ்சள் அப்படியே இருந்தது. திருப்பிக் கொடுத்த கதிரைக்குப் புதுக் குமிழ் பூட்டவென்று அப்பா கதிரைக் கடையில் கட்டியது பதினெட்டு டொலர்.